இரண்டு பக்கமும் ஒரே வீடு

படிவத்தில் நான் எழுதியது பொய் இல்லை. தாய்வழியில் புற்றுநோயால் இறந்தவர்கள் யார் என்று ஒரு கட்டம் கேட்டது. அம்மா, மார்பில், அம்மாவைப் பெற்றவள், சினைப்பையில் என்று எழுதினேன். கணவர் வழியில் யார் என்று அடுத்த கட்டம் கேட்டது. நாத்தனார், மார்பில், மாமியார், சினைப்பையில் என்று எழுதினேன். கேட்ட இடத்தில் கேட்டதை எழுதிவிட்டு, பரிசோதனைக்கு ரத்தமும் கொடுத்துவிட்டு வேலூரிலிருந்து ஆரணிக்குப் பஸ் ஏறினேன். என் மார்பில் தட்டுப்பட்ட கட்டி ஒன்றுமில்லாத கட்டி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். குடும்பத்தில் இருப்பதால் எதற்கும் மரபணுவைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முடிவு வந்த அன்று கணவரும் தறியை நிறுத்திவிட்டு என்னோடு வேலூருக்கு வந்தார். ஆலோசனை சொல்லும் பெண் என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். படிவத்தைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் குடும்பப் படம் வரைந்தாள். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். என் பக்கம் இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்கினாள். அவர் பக்கம் இரண்டைக் கறுப்பாக்கியதும் பேனா நின்றது.

"ரெண்டு குடும்பத்துலயுமா? நாலு பேரா?"

"நாலு இல்லம்மா, ரெண்டு பேருதான்" என்றேன். "எங்க அம்மாதான் எனக்கு நாத்தனார், பாட்டிதான் மாமியார். இவரு எங்க அம்மாவோட தம்பி, எனக்குத் தாய்மாமன்."

எங்கள் தெருவில் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. அக்காள் மகள் இருக்க வெளியில் பெண் எடுத்தவனைத்தான் என்ன குறை என்று விசாரிப்பார்கள். நான்கு பேர் இரண்டு பேரானதில் என் கணவர் முகம் தெளிந்தது. எனக்குச் சிரிப்புகூட வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. வேறு காகிதம் எடுத்து முதலிலிருந்து வரைந்தாள்.

என் முடிவு பாசிட்டிவ் என்றாள். அப்படியென்றால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று நிதானமாக விளக்கினாள். வருடந்தோறும் ஸ்கேன் எடுக்க வேண்டும். சினைப்பைகளை எடுத்துவிடுவது பற்றி யோசிக்க வேண்டும். இதுவரை என் பங்கு, எப்படியோ விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் பேனா என் கணவரின் சதுரத்துக்குப் போனது.

"இவங்க அம்மாவுக்கு வந்த மாதிரியே உங்களுக்கும் வந்திருக்கலாம் சார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவங்க தம்பிக்கும் அப்படித்தான். ஆண்கள் வழியாவும் பிள்ளைங்களுக்குப் போகும்."

"பொம்பளைங்க நோவுக்கு என் ரத்தம் இன்னாத்துக்கு?" என்று அவர் எழுந்துவிட்டார்.

மற்ற பெண்களாக இருந்தால் புகுந்த வீட்டைத் திட்டித் தீர்த்துவிட்டுப் பிறந்த வீட்டில் போய் உட்காரலாம். நான் எதைத் திட்டினாலும் இரண்டையும் திட்டியதாகிவிடும். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பஸ்ஸில் அவரே பேச்சை எடுத்தார். எங்கள் மகளை என் தம்பி மகனுக்குக் கொடுப்பதாக இரண்டு வருடமாகப் பேச்சு. "வெளியில குடுத்தா ஆயிரம் கேப்பான். உன் தம்பி புள்ளைக்கே ஜல்தியா முடிச்சிட்டா யாரு கேக்கப் போறா? நம்ம வூட்டு விசயம் நம்ம வூட்டோட போயிடும்."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கண்ணமங்கலம் தாண்டும்வரை எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் புத்தி வந்தது. வீட்டோடு போவது விஷயம் மட்டும் இல்லையே.

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகளிடம் மறைக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "பாத்துக்கலாம்மா. ஆனா தெரிஞ்சதுக்கு அப்புறம் தெரியாதுன்னு இருக்க முடியாது இல்ல?" என்றாள். தானும் பரிசோதித்துக்கொள்வதா என்று யோசிக்கக் கொஞ்ச நாள் டைம் கேட்டாள். கொடுத்தேன்.

தம்பியிடம் சொல்வதுதான் என்னால் முடியவில்லை. அவனுக்கு மகனுக்குப் பின் ஒரு மகளும் உண்டு, பத்தாவது படிக்கிறாள். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்குத் துரோகம். சொன்னால் அவன் மனைவி காதுக்குப் போகும், அங்கிருந்து தெருவுக்கு. அப்புறம் என் மகளை நோய்க்காரி வீட்டுப் பெண் என்பார்கள். இந்தப் பக்கம் போனாலும் இடித்தது, அந்தப் பக்கம் போனாலும் இடித்தது. ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு சமைத்தேன், தறிக்கு நூல் தார் சுற்றினேன், அவனிடமிருந்து போன் வந்தால் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

அவனே வந்துவிட்டான், பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, நிச்சயத்துக்கு நாள் குறிக்க. என் கணவர் தறியைவிட்டு எழுந்து வரவில்லை. நான் தம்பியைச் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வட்டம், சதுரம், பாதிக்குப் பாதி, எல்லாம்.

"பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டுப் போக்கா" என்றான். "செத்துப் போன அம்மா மேல இன்னாத்துக்குப் பழி போட்டுகினு இருக்க?"

"பழி போடலடா. அம்மாவுக்கு இருந்தது எனக்கு இருக்குது. உனக்கு இருக்குதான்னு நீதான் பாக்கணும்."

கோபமாகத் திரும்பி வாசற்படிவரை போனான். செருப்பில் ஒரு காலை விட்டவன் அப்படியே நின்றான்.

"அப்போ என் பொண்ணு?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தான். அதுவரை நான் மட்டும்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். காப்பாற்றத்தான் சொன்னேன், ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது அவனையும் உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தியதுபோல இருந்தது.