ரெக்கார்டரில் விழாத ஆமீன்

1. இருமாமல் இருந்த நாள்

மும்பை மாட்டுங்காவில் ஒரு மொழியியல் ஆராய்ச்சி. முஸ்லிம்கள் கையேந்திக் கேட்கும் துஆவைப் பதிவு செய்து, எந்த வாக்கியம் புகழ்ச்சி, எது மன்னிப்பு, எது வேண்டுதல் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு, அதாவது கோட், போட வேண்டும். முஸ்லிம்களோடு வளர்ந்த தாராவிக்காரன் என்பதால் நாற்பத்தெட்டு வயதில் என்னைக் கான்ட்ராக்டில் எடுத்தார்கள்.

புரொபசர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ரெக்கார்டிங்ல உம்ம குரல் வரப்படாது. இருமினாக்கூட டேட்டா போச்சு, வேலையும் போச்சு. புரிஞ்சுதோ?"

எனக்கு அங்கேயே இருமல் வந்தது.

பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்கா பதிவுக்குச் சம்மதித்தார். அவர் வீட்டுக்காரர் காதர் அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி; குரலே போய்க் கட்டிலில் கிடந்தார். மறுநாள் டெஸ்ட் ரிசல்ட். அக்கா தொழுதுவிட்டுக் கையேந்தினார்.

"யா அல்லாஹ், நீ பெரியவன். நாங்க செஞ்ச பாவத்த மன்னிச்சிரு. இந்த மனுசன மட்டும் எனக்குத் தந்துரு."

முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒருவர் துஆ கேட்டால் பக்கத்திலிருப்பவர் 'அப்படியே ஆகட்டும்' என்று ஆமீன் சொல்ல வேண்டும். தாராவியில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? அண்ணனுக்கு உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரக்கூடிய ஒரே தொண்டை என்னுடையது. ரெக்கார்டரில் சிவப்பு லைட். முள் சிக்கிய பூனை மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்காவே ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். "ஏன் தம்பி, ஒரு ஆமீனுக்கு வாய் வலிக்கோ?"

"ஆபீஸ் ரூல்க்கா."

"அல்லாகிட்டயும் உங்க ஆபீஸ்தானா?"

ஷீட்டில் 'மௌனம், நான்கு வினாடி' என்று அடித்தேன். "க்ளீன் டேட்டா ஓய்!" என்று புரொபசர் தட்டிக்கொடுத்தார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

2. கத்திய நாள்

ரிசல்ட் மோசம். மூன்று மாதத்தில் அண்ணன் போய்விட்டார். இறந்தவருக்காக மூன்றாம் நாள் ஓதும் ஃபாத்திஹாவில் பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஆரம்பித்தார். இந்தத் தடவை விட்டுவிடக் கூடாதென்று முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் முதல் வாக்கியத்தை முடிக்குமுன்னே "ஆமீன்!" என்று கத்திவிட்டேன். அது வெறும் புகழ்ச்சி. வேண்டுதல் இன்னும் வரவேயில்லை. நூற்றுக்கணக்கில் கோட் போட்ட நிபுணர் நான்!

எல்லாரும் திரும்பினார்கள். பெண்கள் இருந்த திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "இனி என்ன தம்பி அவசரம்?"

பக்கத்திலிருந்து ஆமீன் சொல்கிறவனுக்கு நம் ஷீட்டில் ஒரு கோட்கூட இல்லையே என்று புரொபசரிடம் சொன்னேன். "அது ஸ்கோப்ல இல்ல" என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ரெக்கார்டரை அணைக்கும் பட்டன் எங்கே என்று முதலில் பார்த்து வையுங்கள். நான் போடுகிற பட்டனை மட்டும்தான் கற்றுக்கொண்டேன்.