குதிகால் என்னுடையது, பதில் அவருடையது

இன்று தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

வாய்க்காலைத் தாண்டும்போது என் குதிகால் நரம்பு அறுந்ததும், மதுரையில் வைத்துத் தைத்ததும் உங்களுக்குத் தெரியும். இன்றைக்குக் கடைசிப் பரிசோதனை.

டாக்டர் தழும்பை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

அறுந்தது என் கால். பதில் சொன்னது இவர்.

"நல்லாயிருச்சுங்கய்யா. சோறு பொங்குறா, தண்ணி எடுக்குறா, மாட்டுக்குப் புல்லறுத்துப் போடுறா."

"அப்ப பூரண குணம்" என்று டாக்டர் சீட்டில் எழுதினார்.

நான் விடவில்லை. "ஐயா, அந்தக் காலால எக்கி நிக்க முடியல. சாயங்காலமானா குதிகால் கல்லா இறுகிப்போகுது."

டாக்டர் நிமிர்வதற்குள் இவர் சிரித்தார். "எக்கி நின்னு என்ன செய்யப் போற? டான்ஸா ஆடப் போற?"

டாக்டரும் சிரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "ஊறுகாய எங்க?" என்றார்.

சாடி மேல்தட்டில் இருக்கிறது. எக்கினால்தான் எட்டும். இத்தனை நாள் எடுத்துக் கொடுத்த நாத்தனார், எனக்குக் குணமாகிவிட்டது என்று இவர் சொன்னதை நம்பி நேற்றுதான் போடிக்குப் பஸ் ஏறினாள்.

"டான்ஸ் ஆடுறவுக வந்து எடுத்துக் குடுப்பாக" என்றேன்.

டிரான்சிஸ்டரைச் சத்தமாக வைத்துக்கொண்டு வெறும் மோர்ச்சோற்றைத் தின்றார். எழுந்து போய் எடுக்கவில்லை.

இவருக்கு இரண்டு குதிகாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. இவரைக் கேட்க வேண்டாம், நான் சொல்கிறேன்.