ரத்தத்தைக் கேட்டுட்டு ஜீப்பை எடுங்க

அரியலூர்ப் பக்கம் எங்கே திருட்டுப் போனாலும் போலீஸ் ஜீப் முதலில் வந்து நிற்பது சாமிதுரை வீட்டு வாசலில்தான். வாலிபத்தில் ஒரே ஒரு தண்ணீர் மோட்டாரைத் திருடிவிட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவர். அப்புறம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிப் பிழைத்தார். ஆனாலும் ஸ்டேஷன் அவரை மறக்கவில்லை. லுங்கி, பல்பொடி, ஒரு கட்டு பீடி போட்ட மஞ்சப்பை எப்போதும் ஆணியில் தயாராகத் தொங்கும். அவர் இறந்த பிறகு இன்றும் தொங்குகிறது. அதை எடுக்க மகள் ஜெயசுதாவுக்குக் கை வரவில்லை.

2003-ல் ஒரு நகைக்கடைக் கண்ணாடியை உடைத்த திருடன் கையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டான். வழக்கம்போல் சாமிதுரையைப் பிடித்தார்கள். கோர்ட் உத்தரவில் அவர் ரத்தம் சென்னைக்குப் போனது. டி.என்.ஏ. பொருந்தவில்லை என்று பதில் வந்தது. விட்டுவிட்டார்கள்.

"இத்தன வருசமா வாய் சொன்னதை எவனும் நம்பல. ரத்தம் ஒரு தடவ சொல்லுச்சு, நம்பிட்டானுங்க" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிச் சிரித்தார். அடுத்த திருட்டுக்கு மறுபடியும் ஜீப் வந்தது.

2007-ல் ஜெயசுதாவுக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீடு ஜெயங்கொண்டம். அவர்கள் முன்னால் ஜீப் வந்து நின்றால்? சாமிதுரை அந்த வாரம் பேப்பரில் ஒரு செய்தி பார்த்தார்: குற்றவாளிகளின் டி.என்.ஏ.வை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க டெல்லியில் சட்டம் தயாராகிறதாம். நேரே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

"ஏட்டய்யா, என்னுதை மொதல்ல சேத்துக்கங்க."

ஏட்டு இளையபெருமாள் டீயைக் கீழே வைத்தார். "ஏன்யா, அவனவன் தப்பிக்கப் பாக்குறான். நீ தானா வந்து மாட்டிக்கிறியே?"

"இனிமே ரத்தத்தைக் கேட்டுட்டு ஜீப்பை எடுங்க. அவ்வளவுதான்."

"சட்டமே இன்னும் வரலய்யா. வந்தா சொல்றேன், போ."

வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெயசுதா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, உங்க டி.என்.ஏ.வுல பாதி எங்கிட்ட இருக்கு. உங்களுதை வச்சிருந்தா, நாளைக்கு எம்புள்ள வரைக்கும் தேடி வரலாம்."

சாமிதுரை மறுநாள் காலையில் டீகூடக் குடிக்காமல் மறுபடி ஸ்டேஷனில் நின்றார்.

"நேத்து சொன்னதை அழிச்சிடுங்கய்யா."

"நான் எங்கய்யா எழுதுனேன்?"

"மனசுல இருந்தாலும் அழிச்சிடுங்க. என்னைய எத்தன தடவ வேணாலும் கூட்டிட்டுப் போங்க. பரிசத்தன்னிக்கு மட்டும் வந்துராதீங்க."

"பரிசம் என்னிக்கு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார் ஏட்டு.

பரிசத்தன்று தட்டு மாற்றும் நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. சாமிதுரையின் கை தானாகப் போய் ஆணியிலிருந்த பையை எடுத்தது. ஏட்டு இறங்கினார். வேட்டி, சட்டை, கையில் வெற்றிலை பாக்கு பழத்தட்டு.

"பையை மாட்டுங்கண்ணே" என்றார் காதோடு. "நான் இங்கயே உக்காந்திருக்கேன். இன்னிக்கு எங்க திருட்டுப் போனாலும் நீங்க எங்க இருந்தீங்கன்னு நானே சொல்லிக்கிறேன்."

மாப்பிள்ளையின் அப்பா சாய்ந்து கேட்டார். "யாருங்க சம்பந்தி, போலீஸா?"

"ஆமாங்க" என்றார் சாமிதுரை. "நம்ம வூட்டுக்கு அடிக்கடி வருவாரு. வந்தா என்னைய விட்டுட்டுப் போகவே மாட்டாரு."