ஆறு கோப்பைச் செட்டும் தங்கச்சியின் கலியாணமும்

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இப்போது ஞாபகமும் நின்று நின்றுதான் வருகிறது. முன்பின்னாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசுச் சொற்கள் பூனை, நாய், பசு என்று வீட்டைச் சுற்றித் திரிகிறவை. ‘செட்’ அதில் இல்லை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் ஆண்கள் சவூதிக்குப் போகத் தொடங்கியபோதுதான் அது வந்து குவிந்தது. பாட்டுக் கேட்கும் பெட்டி செட். காதுக்கும் கழுத்துக்கும் ஒரே மாதிரி வாங்கினால் செட். சந்தியில் நின்று சிகரெட் குடிக்கும் நாலு பேரும் ஒரு செட். முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றி அவிக்கிற வட்டிலப்பம் இறுகினால் அதுவும் செட் ஆகிவிட்டதாம். வெள்ளைக்காரன் ஒரே சொல்லை வைத்து இத்தனை வேலை வாங்கியிருக்கிறான், கஞ்சன்.

எங்கள் வீட்டுச் செட், அண்ணன் முறையான காக்கா சவூதியிலிருந்து கொண்டுவந்த ஆறு கோப்பையும், அடியில் வைக்க ஆறு பீரிசும். ஒன்று உடைந்தாலும் செட் போய்விடும் என்று உம்மா கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கொண்டுவந்த காக்காவுக்கே கிளாசில்தான் தேத்தண்ணி.

தங்கச்சியைப் பார்க்க மாப்பிள்ளையின் உம்மாவும், சின்னம்மா முறையான சாச்சியும் வந்த அன்றுதான் செட் வெளியே வந்தது. அதற்கு முன் இரண்டு இடத்தார் வந்து தின்றுவிட்டு, “சொல்லி அனுப்புறம்” என்று போனவர்கள்தான். வாப்பா அவளுக்குச் சீதனமென்று கட்டிய வீடு பூசி முடிந்து பூட்டிக் கிடந்தது. இதுவும் தவறினால் என்ன செய்வது என்று உம்மா காலையிலிருந்து துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

நான் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றேன். சபைக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அங்கிருந்து பார்த்தால், மாப்பிள்ளையின் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு பல் செட்டைக் கழற்றுகிறார். புதுசு, கடித்திருக்கும். பக்கத்திலிருந்த கோப்பைக்குள் போட்டுப் பீரிசால் மூடிவிட்டார். சாச்சி அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உம்மா வந்து, “புள்ளையப் புடிச்சிரிக்கா மதினி?” என்றார்.

“ம்.”

“வட்டிலப்பம் எப்படி?”

“ம்.”

உம்மாவின் முகம் செத்துவிட்டது. அந்த நேரம் தங்கச்சி தேத்தண்ணியோடு வந்து அந்தப் பீரிசைத்தான் தூக்கினாள். கத்தினாள் என்றால் கலியாணம் அதோடு சரி.

“என்னகா புள்ள, ஊத்தாம நிக்கிறாய்?” என்றார் சாச்சி.

தங்கச்சி பீரிசால் கோப்பையை மெதுவாக மூடினாள். “மாமி, முதல்ல கை கழுவுவமே, வாங்க” என்று கோப்பையையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள்.

திரும்பி வந்தபோது மாமிக்குப் பேச்சும் வந்திருந்தது. “வாயத் தொறக்காத புள்ள. எங்களுக்குப் புடிச்சிரிக்கி” என்றார். அது எப்படிப்பட்ட வாய் என்று நிக்காஹ் முடிந்த வாரமே அவருக்குத் தெரிந்துபோனது.

அவர்கள் போன பிறகு, சந்தோசத்தில் உம்மா முதல் தடவையாகச் செட்டில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார். எந்தக் கோப்பை என்று நாங்கள் வாய் திறக்கவில்லை.

செட் வந்தது கலியாணத்துக்கு முந்திய நோன்பிலா, அதற்கும் முந்தியா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. யாராவது தங்கச்சியிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். மச்சான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். அவருடைய உம்மாவின் பல் அல்லவா.