அடுத்த வாரம் எதிர்க்கட்சி

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. செவ்வாய்க்கிழமை. நான் ஸ்பேனர் பிடித்தேன். அம்மா டார்ச் பிடித்தபடி, ஆன்மா உண்டு என்று வாதாடினாள். வெளிச்சம் பாதி நேரம் என் காதில் விழுந்தது.

“போன வாரம் இல்லன்னு சொன்ன.”

“அது போன வாரம்டி.”

அம்மா பெயர் பவுன். வேலூரில் எட்டாவதோடு படிப்பு நின்றது. பிழைக்க வந்த இந்த மராத்தி ஊரில், கசார்வாடிப் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருடம் பேரிங்குகளுக்கு அளவு பார்த்தாள். ஊருக்குப் போனால் தத்துவம், நாவல், யோக ரகசியம் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி வருவாள்.

ஞாயிறு காலை எங்கள் பகுதித் தமிழ்ச் சங்க ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அம்மா உரக்கப் படிப்பாள். பிறகு சண்டை. அவள் போட்ட விதி ஒன்றுதான்: இந்த வாரம் எந்தப் பக்கம் பேசினாயோ, அடுத்த வாரம் அதை மறுத்துப் பேச வேண்டும்.

ஆன்மா இல்லை, உடம்பு நின்றால் எல்லாம் நின்றது என்று அவள் பேசிய வாரம், சங்கச் செயலாளர் வசந்தகுமார் வாசலில் நின்று கேட்டுவிட்டார்.

“பவுனக்கா, ஐயப்ப பூஜை பண்ற எடம் இது. தப்பாயிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்.”

“படிச்சிட்டுப் பேசினதுக்கா?”

“ஜனங்க என்ன நெனைப்பாங்க?”

“நெனைக்கட்டும். அதுக்குத்தான ஹால் கேட்டேன்.”

ஹால் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நான் அம்மாவைத்தான் திட்டினேன்.

“அன்னைக்கு அந்தப் பக்கம் பேசறது உன் முறை, அது உன் கருத்து இல்லன்னு சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா, அடுத்த வாரம் உண்டுன்னு பேசறது பயந்து பேசுன மாதிரி ஆயிடும். என் கருத்து இன்னான்னு தெரிஞ்சிருந்தா ஞாயித்துக்கிழமை தூங்கியிருப்பேன்.”

நான் கராடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். உடைகிறதா என்று பார்ப்பதே என் வேலை. எனக்கு இது முதலிலேயே புரிந்திருக்க வேண்டும்.

கூட்டம், ஞாயிறுதோறும் வரும் இர்பான் பாயின் லேத் பட்டறைக்கு மாறியது. அங்கே முதல் ஞாயிறு வருவதற்குள், புதன் காலை, அம்மாவுக்கு மாரடைப்பு.

வசந்தகுமார் மாலையோடு வந்தார்.

“இந்த ஞாயிறு ஆன்மா உண்டுன்னு பேசறதா இருந்தாங்களாமே. கடைசியில ஒத்துக்கிட்டாங்க. இரங்கல் கூட்டம் நம்ம ஹால்லயே வெச்சிடலாம்மா.”

“ஒத்துக்கல. அவங்க முறை வந்துச்சு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல. ஹால் வேணாம்.”

அந்த ஞாயிறு லேத் பட்டறையில் ஏழு பேர் இருந்தோம். பேச வேண்டியவள் இல்லை. வேறு யாரையும் அவள் இடத்தில் நான் பேச விடவில்லை.

அவள் பையில் ஒரு காகிதம் இருந்தது. அவள் கையெழுத்து.

“ஞாயிறு பத்து மணி. இர்பான் லேத் பட்டறை. ஆன்மா உண்டு: பேசுவது பவுன். அதற்கடுத்த வாரம் இல்லை என்று பேச வசந்தகுமார் வரலாம்.”

வியாழக்கிழமை அதைச் சங்கத்து போர்டில் ஒட்டுவதாக இருந்தாள்.