முகாம் பட்டியலில் என் பெயர்

சென்ற மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் ஊர் இராணுவ முகாமின் வாசலில் போய் நின்றேன். டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் இருபத்தாறு வருடங்களாக வாழ்கிறேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போகும் பேருந்து அந்த முகாமைத் தாண்டித்தான் போகும். முகாம் இடப்பக்கம் வரும் என்பதால் நான் எப்போதும் வலப்பக்க இருக்கையில்தான் உட்காருவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று அந்த வாசலில் எனக்கு நடந்தது ஒரு நல்ல காரியம். அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் டேனிஷ் இராணுவத்தில் இருக்கிறாள். பள்ளி முடிந்ததும் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தாள். சில மாதங்களில் திரும்பி வந்து பல்கலைக்கழகம் போவாள் என்று நம்பியிருந்தோம். ஆனால் அவள் இராணுவத்திலேயே தொடர ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல எங்களுக்கு முன்னால் இருந்து சோறு சாப்பிட்டாள். கிறீன்லாந்து தனக்கு வேண்டும் என்று ஒரு பெரிய நாடு வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கிய பிறகு, டென்மார்க் அங்கே கூடுதலாக ஆட்களை அனுப்பியது. அதில் அவளுடைய பிரிவும் இருந்தது.

போவதற்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்தத் தீவு யாருடையது என்று தகப்பனுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒரு இடம் எங்கடை எண்டு சொல்லுறதெண்டா அங்கை ஆக்கள் நிக்கோணும். வரைபடத்திலை கோடு கீறினா மட்டும் காணாது. முந்தி நோர்வேக்காரர் கிழக்குக் கரையிலை போய்க் கொடி நட்டவை. சர்வதேசக் கோர்ட்டிலை வழக்கு நடந்து டென்மார்க் வெண்டது."

"வேலிச் சண்டைதானே பிள்ளை," என்றார் கணவர். "எல்லைக் கதியால் தடியை ஆருக்கும் தெரியாமல் அரையடி தள்ளி நடுறது. எனக்கு இதைப் படிப்பிக்கிறியோ? நான் யாழ்ப்பாணத்தான்."

அவள் சிரித்தாள். "வடக்கிலை ஒரு சின்னக் கல்லுத்தீவு இருக்கு. அதுக்குக் கனடாவும் நாங்களும் கனகாலம் இழுபறி. நாங்கள் போய்க் கொடி நட்டு ஒரு போத்தல் சாராயம் வைச்சிட்டு வருவம். பிறகு அவை வந்து எங்கடை கொடியைக் கழட்டிப்போட்டு, தங்கடையை நட்டு, தங்கடை போத்தலை வைச்சிட்டுப் போவினம்."

"எங்கடை ஊரிலை போத்தலை வைக்கமாட்டினம். மண்டையிலை உடைப்பினம். பிறகு என்ன நடந்தது?"

"பாதி பாதியாப் பிரிச்சாச்சு. ஆனா அப்பா, பெரிய தீவிலை இருக்கிற சனம் சொல்லுது, அது டென்மார்க்கின்ரையும் இல்லை, கேக்கிறவையின்ரையும் இல்லை, தங்கடை எண்டு. அவை சொல்லுறதுதானே சரி. உங்களுக்கு ஒண்டு தெரியுமே? அங்கை வீடு சொந்தமா வைச்சிருக்கலாம். நிலம் ஒருத்தருக்கும் சொந்தமில்லை."

கணவர் கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். "உறுதிப் பத்திரம் இல்லாத காணியோ?"

"உறுதியே இல்லை."

அவர் அன்று முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லி வியந்தார். நான் வேறொன்றைக் கவனித்தேன். மகள் 'நாங்கள்' என்று சொன்னபோதெல்லாம் அது டென்மார்க்கைக் குறித்தது. எனக்கு அதில் கவலையா பெருமையா என்று எனக்கே தெரியவில்லை.

கைகழுவிவிட்டு வந்து அவள் கேட்டாள்: "அம்மா, உங்கடை நம்பரைக் குடுக்கட்டே? படிவத்திலை நெருங்கின உறவு எண்டு ஒராளைப் போடச் சொல்லுகினம். ஏதும் எண்டா அவருக்குத்தான் சொல்லுவினம்."

"வேண்டாம்."

"ஏன்?"

"ஆமிக்காரன்ரை பேப்பரிலை எங்கடை பெயர் வேண்டாம்."

"அம்மா, நான்தான் ஆமி."

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பான்ரை பெயரும் வேண்டாம்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "மோர், ஸ்டொப் நு," என்றாள். அம்மா, போதும் விடுங்கள் என்று. கோபம் வந்தால் அவளுக்கு டேனிஷ்தான் வரும். அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

காரணத்தை நான் அவளுக்கு முழுதாகச் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அண்ணனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா முகாம் வாசலில் போய் நின்று, பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்து, 'நான் தாய்' என்று கையெழுத்தும் வைத்தாள். மறுநாள் அந்த விலாசத்துக்கு வந்தார்கள். வீட்டைக் கிளறினார்கள். அப்பாவை அடித்தார்கள். அண்ணன் வரவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: யார் கேட்டாலும், எந்தத் தாளிலும், யாருக்கும் யாரும் உறவில்லை. அந்தச் சட்டத்தை எந்த நாட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. தேவாலயத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் யாராவது மகளைப் பற்றி விசாரித்தால், ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் நின்றும் அதையே சொன்னேன்.

கிறீன்லாந்துக்குப் போன பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மகள் கூப்பிட்டாள். ஒருநாள், ஒரு கிழமைக்குப் பனிக்குள் பயிற்சிக்குப் போகிறோம், ஃபோன் கொண்டுபோக முடியாது, அடுத்த சனி கதைக்கிறேன் என்றாள். அடுத்த சனி அழைப்பு வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. தொலைக்காட்சியில் ஒரே அந்தத் தீவின் கதைதான். யார் என்ன சொன்னார், யார் என்ன பதில் சொன்னார், எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வரைபடத்திலும் தீவு முழுக்க வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில் என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறாள் என்று திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"காலநிலையாயிருக்கும். கொஞ்சம் பொறு," என்றார் கணவர். அவரும் செவ்வாய்க்கிழமை சாப்பிடவில்லை. அன்று வேலையில் நான் ஒருவருடைய மூக்குக்கண்ணாடியை இன்னொருவருக்குப் போட்டுவிட்டேன். அந்த மனிதர் பாவம், அரை நாள் அதோடு பத்திரிகை படித்திருக்கிறார்.

புதன்கிழமை கணவர் தொழிற்சாலைக்குப் போன பிறகு, வேலைக்கு வரப் பிந்தும் என்று அறிவித்துவிட்டு ஃபைலை எடுத்தேன். மகளின் முகாம் வேறு ஊரில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த வாசல் இதுதான். எங்காவது ஒரு நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். ஃபோனில் கேட்பவரிடம் 'தெரியாது' என்று சொல்வது சுலபம். முன்னால் நிற்கும் தாயிடம் சொல்வது கொஞ்சம் கஷ்டம். இதை நான் எங்கே கற்றேன் என்று மேலே எழுதிவிட்டேன்.

வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றேன். தொப்பியைக் கழற்றினேன். கையில் ஒன்றும் இல்லை என்று தெரியவேண்டும் என்பதற்காகக் கையுறைகளையும் கழற்றிப் பைக்குள் வைத்தேன். கார்கள் உள்ளே போயின. சீருடைக்காரர்கள் சைக்கிளில் வந்து, ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் காவலறையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். சீருடை, என் வயது இருக்கும், வாசிப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார்.

"யாரையாவது பார்க்க வந்தீர்களா?"

எனக்கு இருபத்தாறு வருடத்து டேனிஷும் போய்விட்டது. "என் மகள்," என்று மட்டும் சொன்னேன். ஃபைலைத் திறந்து பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். பிறகு ஞானஸ்நானச் சான்றிதழ். பிறகு பள்ளிப் படம். அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, கண்ணாடியை இறக்கி, உண்மையாகவே வாசித்தார். அந்த ஃபைலில் எங்கள் யாழ்ப்பாணத்துக் காணி உறுதியின் பிரதியும் இருந்தது. பதற்றத்தில் அதையும் கொடுத்துவிட்டேன். அதையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அழகான எழுத்து," என்றார். "முதலில் கையுறையைப் போடுங்கள். விரல் நீலமாகிறது. உள்ளே போய்க் கதைப்போம்."

உள்ளே. அந்தச் சொல்லைக் கேட்டு ஃபைலை மூடிக்கொண்டு வெளியிலேயே நின்றேன். அவர் அவசரப்படுத்தாமல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வெளிக்குளிர் முழுவதும் அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. போனேன்.

கோப்பி தந்தார். யார் யாருக்கோ ஃபோன் எடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆளோடு கதைக்கும்போது சிரித்தார். ஒரு கணம் அந்தச் சிரிப்புக்காக அவரை வெறுத்தேன். பிறகு ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் மகள் நலம். அங்கே புயல். ஹெலிகொப்டர் பறக்க முடியாததால் எல்லாரும் ஒரு குடிலில் இருக்கிறார்கள். சாப்பாடு இருக்கிறது. அவள் சமைக்கிறாளாம், உறைப்பு அதிகம் என்று புகார் வந்திருக்கிறதாம். காற்று நின்றதும் கொண்டுவருவார்கள்."

நான் கோப்பிக் குவளையை மேசையில் வைத்தேன். கொஞ்சம் சிந்திவிட்டது.

அவர் திரும்ப ஃபோனில் கேட்டுவிட்டு, நெற்றியைச் சுருக்கினார். "சனிக்கிழமையே எல்லாக் குடும்பங்களுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்கு வரவில்லையா?" என்று கேட்டார். பிறகு மெதுவாக, "உங்கள் மகளின் பட்டியலில் உறவினர் என்று யாருமே இல்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறதாம்," என்றார்.

அதை வெறுமையாக வைத்தது நான். நான்கு நாட்கள் என்னையும் கணவரையும் தீய்த்த நெருப்பை நானே மூட்டியிருந்தேன்.

அவரிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். சீருடை போட்ட ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாலைந்து வசனத்தில் முடிந்துவிட்டது. அவர் ஃபோனில் மற்றவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, சிந்திய கோப்பியைத் துடைத்தார்.

"இங்கே பெயர் எழுதுவது, நீங்கள் எங்களுக்குப் பதில் சொல்வதற்கு அல்ல. நாங்கள் உங்களுக்குப் பதில் சொல்வதற்கு," என்றார். "படிவத்தை மகள்தான் மாற்றவேண்டும். ஆனால் இன்றைக்கு உங்கள் பெயரையும் நம்பரையும் அங்கே சொல்லிவைக்கிறேன். சொல்லலாமா?"

சொல்லலாமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். நீளமான பெயர். அவர் எழுதிய துண்டில் இடம் காணாமல், தாளைப் பக்கவாட்டில் திருப்பி எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் ஃபோனில் திரும்பச் சொன்னார். "உறவு?" என்று அங்கிருந்து கேட்டிருக்கவேண்டும். என்னைப் பார்த்தார்.

"மோர்," என்றேன். தாய்.

வெற்றுப் பனிக்குக்கூட ஆளனுப்பிக் கொடி நட்டு உரிமை கேட்கிறார்கள், நான் என் பிள்ளையை என்னுடையவள் என்று எழுதிக் கொடுக்கப் பயந்திருந்தேனே என்று பேருந்தில் போகும்போது நினைத்தேன். வெற்றுப் பனி என்று எழுதினால் மகள் கோபிப்பாள். அங்கே சனம் இருக்கிறது, அது அவர்களுடையது. சரி. ஆனாலும் நினைத்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலில் ஒரு செய்தி வந்தது: எல்லோரும் முகாமுக்குத் திரும்பிவிட்டார்கள், நலம். வேலையிடத்தில் துவாய் மடித்துக்கொண்டு நின்ற நான், அதை நான்கு தடவை வாசித்தேன். பிறகு அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, நீங்கள் கசேர்னவுக்குப் போனீங்களாம்!" முகாமுக்கு டேனிஷில் அப்படித்தான் பெயர்.

"ஓம்."

"தனியவோ?"

"ஃபைலோடை."

"ஐயோ அம்மா. இப்ப ஆமி முழுக்க என்ரை ஞானஸ்நான சேர்ட்டிபிக்கேற் பாத்திட்டுது." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நம்பரைப் போடட்டே?"

"போடு பிள்ளை."

"அப்பான்ரையும்?"

"அவர் ஃபோனுக்குச் சார்ஜ் போடுறேல்லை. என்ரையை முதலாவதாப் போடு."

இப்போது கிழமைக்கு ஒரு செய்தி வருகிறது. குளிர் இவ்வளவு, காற்று இவ்வளவு, எல்லாரும் நலம், இந்தக் கிழமை வாஃபிள் சுட்டார்கள். இதைவிடச் சுவையில்லாத கடிதங்களை நான் வாசித்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். ஆனாலும் ஃபோன் அதிரும் ஒவ்வொரு தடவையும் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். அந்தப் பயம் போகவில்லை. போகும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

அடுத்த தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, பக்கத்து ஊரான கோல்டிங்கிலிருந்து வரும் ஒரு அக்கா வழக்கம்போலக் கேட்டார்: "மகளுக்கு ஓகூஸிலை இது எத்தினையாம் வருசம்?"

"அவ ஓகூஸிலை இல்லை அக்கா. கிறீன்லாந்திலை. ஆமியிலை."

மேசையில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.  பிறகு அக்காவின் கணவர், தேநீரை ஊதியபடி, "அங்கை காணி மலிவோ?" என்று கேட்டார்.

"அங்கை காணிக்கு உறுதியே இல்லை அண்ணை," என்றார் என் கணவர், இதற்காகவே இத்தனை மாதம் காத்திருந்தவர்போல. அதன்பிறகு என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவரைத்தான் சூழ்ந்துகொண்டார்கள்.

மறுநாள் நாற்பது ரோல்ஸ் பொரித்து முகாம் வாசலுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் அன்று வேலையில் இல்லை. நின்றவர் பெட்டியை வாங்கி, கொடுத்துவிடுகிறேன் என்றார். யார் தந்தது என்று சொல்வது, என்று கேட்டார். நான் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் பேனையைத் தேடினார்.

வைகாசியில் மகள் வருகிறாள். நான் இப்போது பேருந்தில் இடப்பக்கம் உட்காருகிறேன்.