துணி கட்டிய கத்தரிக்காய்

புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கி நான்கு மாதத்தில் என் மனைவியின் நாக்கு செத்துப்போயிருந்தது. கஞ்சியும் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான். அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் தானாகவே கேட்டாள். "நாட்டுக் கத்தரிக்காய சுட்டு கொத்சு பண்ணித் தர்றீங்களா? அது மட்டும் வாய்க்குத் தெரியும்னு தோணுது."

அவள் சிதம்பரத்துக்காரி. கொத்சு விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. கடலூர் மார்க்கெட்டில் இருந்ததெல்லாம் எங்கிருந்தோ லாரியில் வந்த காய். உள்ளூர்க் காய் இல்லையா என்றதற்குக் கடைக்காரர் சிரித்தார். "உள்ளூர்னா நாமதான் சார் இருக்கோம்." சிதம்பரத்துக்கே போனேன். அங்கேயும் அதே லாரிக் காய். கொத்சுக்குப் பேர்போன ஊராம்! எரிச்சலில் பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ கத்தினேன். பாவம், அவர்தான் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓர் அம்மா இன்னும் நாட்டுக்காய் போடுவதாகச் சொன்னார்.

போய்ப் பார்த்தால், போர்வெல்லில் உப்புத்தண்ணீர் ஏறித் தோட்டமே கருகிக் கிடந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா, "இருக்கறத பறிச்சுக்குங்க சார், பை எடுத்தாறேன்" என்று வீட்டுக்குள் போனார்.

எல்லாம் சொத்தை. ஒரே ஒரு செடியில் மட்டும் கொழுகொழுவென்று மூன்று காய்கள். காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்தேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்தும் முப்பது வருஷம் ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்தவனுக்கு வேறென்ன தோன்றும்? துணியை அவிழ்த்துவிட்டு மூன்றையும் பறித்தேன்.

பையோடு வந்தவர் என் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, அது வெதைக்கு வுட்டது சார். பழுக்கட்டும்னு அடையாளம் கட்டி வெச்சிருந்தேன்."

"வேற விதை இருக்காம்மா?"

"வேற ஏது? இத பழுக்காம பறிச்சா மொளைக்காது."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. காய்களை வாங்கி அவரே பையில் போட்டார். "பறிச்சது பறிச்சாச்சு. அவுங்களாவது ருசியா சாப்புடட்டும்." வரும் வழியெல்லாம் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, காயைச் சுட்டுத் தோலுரித்து மசித்தேன். மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்துப் புளியில் கொதிக்கவிட்டேன். வீடே மணத்தது. உனக்கு வாசனை தெரிகிறதா என்று கேட்கத்தான் பயம்.

ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மென்றாள்.

"ஒண்ணும் தெரியலங்க," என்றாள். "நீங்க சாப்புட்டு, எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க."

சாப்பிட்டேன். கல்யாணமான புதிதில் அவள் வீட்டில் சாப்பிட்ட அதே ருசி.

"சுமாராத்தான் இருக்கு," என்றேன். வயிறு கேட்கவில்லை. தட்டை வழித்து நக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.